மண்ணில் ஊன்றிய மரக்கால் இற்றுப்போகாமல் காப்பது எப்படி? சவுக்கு, மூங்கில், தென்னைக்குக் குறைந்த செலவில் முழுமையான வழிகாட்டி

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்பில் ஓர் ஆட்டுக்கொட்டகை போட்டோம். பன்னிரண்டு சவுக்குக் கால்கள். காலையில் வெட்டினோம், பட்டைகூட உரிக்கவில்லை, சாயங்காலம் ஊன்றிவிட்டோம். இரண்டாவது வருஷம் கார்த்திகை மழையில் ஒரு கால் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தேன். தரைக்கு ஓரடி மேலே தட்டினால் மரம் கணீரென்று ஒலித்தது. குழியின் அடியில் புதைந்திருந்த முனையும் ஓரளவு கெட்டியாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில், தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி விரலால் பிய்த்தால் வந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் கரையான் ஈரமண்ணைப் பூசி வைத்திருந்தது.

மற்றப் பதினொன்றையும் தோண்டிப் பார்த்தோம். எல்லாக் காலிலும் அதே ஒரு சாண். அன்றிலிருந்து மரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு சாணைக் காப்பாற்றுவது பற்றித்தான். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. உரிய நாளில் செய்யத் தெரிந்தால் போதும்.

ஏன் அந்த இடம் மட்டும்?

மரத்தை மக்கச் செய்வது காளான். அதற்கு உணவு, ஈரம், காற்று, வெப்பம் நான்கும் வேண்டும். உணவு மரமே. வெப்பம் நம் ஊரில் வருஷம் முழுக்க இருக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் காளான் சில மாதம் அடங்கிக் கிடக்கும். இங்கே அதற்கு ஓய்வே கிடையாது. மிச்சம் ஈரமும் காற்றும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காளான் வளராது. மரம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் அப்போதும் வளராது. கிணற்றுக்குள் போட்ட நெல்லிக்கட்டை பல வருஷம் கெடாமல் கிடப்பது இதனால்தான். தரைமட்டத்திலோ ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. கரையானுக்கும் அதுதான் வாசல்.

இன்னொரு எதிரி, சின்ன உளுப்பு வண்டு. மூங்கிலிலும் வெளிறான மரத்திலும் குண்டூசித் தலை அளவு துளை போட்டு, கீழே மாவு மாதிரித் தூள் கொட்டும். இதற்கு ஈரம் தேவையில்லை; மரத்தில் இருக்கும் மாவுச்சத்தே போதும். ஆக, காளானுக்கு ஈரத்தை மறுக்க வேண்டும், கரையானுக்கு வழியை மறுக்க வேண்டும், வண்டுக்கு மாவுச்சத்தை மறுக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான்.

படி 1: கையில் இருக்கும் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த மரமானாலும் வெளிப்புறத்து வெளிறு சீக்கிரம் கெடும். தேக்கின் வெளிறுகூடத் தாங்காது. நடுவில் வைரம் பாய்ந்த பகுதிதான் நிற்கும். கருவேலம், வேங்கை, இலுப்பை மாதிரி மரங்களில் வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சவுக்கில் அப்படிச் செய்ய முடியாது. நாலைந்து வருஷத்தில் வெட்டும் கழி கிட்டத்தட்ட முழுக்க வெளிறு. ஆனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. வைரத்துக்குள் மருந்து எளிதில் ஏறாது. வெளிறு மருந்தை நன்றாகக் குடிக்கும். அதனால் மருந்து ஏற்றத் தெரிந்தவருக்கு விலை குறைந்த சவுக்கே தோதான மரம்.

தென்னையும் பனையும் மூங்கிலும் வேறு சாதி. உள்ளே வைரம் இருப்பது மரம், வெளியே வைரம் இருப்பது புல் என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. அறுக்கும்போது அது எவ்வளவு சரி என்று கையில் தெரியும். முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடை வரும். நடுச்சோறு 400 கிலோகூட வராது. கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரத்துக்கு வெளிப்பக்கத்தை மட்டும் எடுங்கள். நடுவை உள் தட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், பாரம் தாங்கவோ மழையில் நிற்கவோ வைக்காதீர்கள்.

பனங்கை, அதாவது பனையில் அறுத்த கைமரம், தேவைப்பட்டால் பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் வாங்குவதே நல்லது. பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. பழைய பனங்கையில் கெடவேண்டியது கெட்டு, நிற்கவேண்டியது நின்றிருக்கும், தேர்ந்தெடுப்பது சுலபம்.

படி 2: எப்போது வெட்டுவது

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்ப்பது பருவத்தை. மூங்கில் என்றால் மூன்று நான்கு வயதுக் கழிகளை மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் வெட்டுங்கள். இளங்கழியை எந்த மருந்தும் காப்பாற்றாது, காயும்போதே சுருங்கிவிடும். சவுக்கையும் அதே பருவத்தில் வெட்டினால் பங்குனிக் காற்றில் நன்றாகக் காயும்.

வெட்டிய அன்றைக்கே மருந்து வேலை தொடங்கப்போகிறீர்களா, காயவைத்துப் பிறகு செய்யப்போகிறீர்களா என்பதை வெட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பச்சை மரத்துக்கு ஒரு முறை, காய்ந்த மரத்துக்கு வேறு முறை. பாதி காய்ந்த மரம் இரண்டுக்கும் ஆகாது.

தென்னையில் தாமதம் மிகவும் ஆபத்து. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சீவி அடுக்கியிருந்தால் எத்தனையோ கொட்டகைக்குக் கைமரம் ஆகியிருக்கும். பச்சைத் தென்னைத் தடியில் சர்க்கரையும் நீரும் அதிகம். சில வாரத்திலேயே உள்ளே பூஞ்சை ஓடிவிடும். மக்கிய தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, நிற்கிற தென்னையையும் கெடுக்கும். சாய்ந்த மரத்தை இரண்டு வாரத்துக்குள் அறுத்துவிடுங்கள். அறுக்கும் இடத்தில் கார்பைடு பல் வைத்த வாள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாதா வாள் தென்னையின் வெளிப்பக்கத்தில் உடனே மழுங்கும்.

படி 3: பட்டை உரித்தல், அடுக்குதல்

பட்டையை முழுக்க உரியுங்கள், உள்தோல் உட்பட. பச்சையாக இருக்கும்போது மண்வெட்டித் தகட்டை வைத்துத் தள்ளினால் நாடா மாதிரி வரும். ஒரு வாரம் விட்டால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கும், வண்டு முட்டையிடும், கரையான் ஒளிந்து ஏறும். என் கொட்டகையில் நடந்த தவறு இங்கேதான் ஆரம்பித்தது.

காயவைக்கும் மரத்தின் இரண்டு முனைகளிலும் சாணமும் களிமண்ணும் குழைத்து அப்புங்கள், அல்லது மீந்த பெயின்ட் அடியுங்கள். முனை வழியாக நீர் வேகமாக வெளியேறினால் மரம் பிளக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகைகளை வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு, இரண்டடிக்கு ஒன்று. அந்தத் துண்டுகள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், தவறினால் பலகை வளையும். வெயில் நேராகப் படாமல், காற்று ஓடும்படி மேலே ஓலை அல்லது தகரம் போடுங்கள். ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

காய்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மளிகைக்கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

படி 4: மருந்துக்கு முன்னால், மண்ணைவிட்டுத் தூக்குதல்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மற்றவற்றில் கொஞ்சம் பிசகினாலும் மரம் நிற்கும். கொட்டகைக் காலை மண்ணில் புதைக்காதீர்கள். கருங்கல் துண்டு அல்லது சின்ன கான்கிரீட் கட்டையைத் தரைக்கு மேல் ஒரு சாணாவது தெரியும்படி நிறுத்தி, அதில் பதித்த இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே மரத்தை வைத்து போல்ட் போடுங்கள். அப்போது காற்று கொட்டகையைத் தூக்காது. மரத்தின் அடிக்கும் கல்லுக்கும் நடுவில் தார் ஷீட் துண்டு ஒன்று வையுங்கள்.

அந்த இடத்திலேயே கரையான் தகடும் வைத்துவிடலாம். பழைய எண்ணெய் டின்னைப் பிரித்து, கல்லைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கிச் சாய்வாக மடியுங்கள். தகடு கரையானைக் கொல்லாது. ஆனால் அந்த மடிப்பைச் சுற்றி வெளிச்சத்தில் மண்குழாய் கட்டித்தான் அது மேலே ஏற வேண்டும். கட்டினால் கண்ணில் படும், தட்டிவிடலாம்.

புதைத்தே ஆகவேண்டிய வேலிக்கால் என்றால் காலைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி கான்கிரீட் ஊற்றாதீர்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் நடுவில் இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். குழியின் அடியில் ஒரு சாண் ஜல்லி, பக்கங்களிலும் ஜல்லி, மேலே மண்ணைக் காலிலிருந்து வெளியே சாய்த்து மேடாக்குங்கள். காலின் தலையைச் சாய்வாகச் சீவுங்கள். கூரையின் இறவாரம் இரண்டடியாவது நீளட்டும். சாரல் படும் சுவரில் மூங்கில் தட்டி எத்தனை மருந்து குடித்தாலும் நிற்காது.

வெறும் வேலிதான் வேண்டும் என்றால் செத்த கட்டையே வேண்டாம். கிளுவை, ஒதியன், பூவரசு போத்து வெட்டி நடுங்கள். வேர்விட்டு நிற்கிற கால் மக்காது, ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

படி 5: கூரைக்கடி மரத்துக்கு வெண்காரக் கரைசல்

மழை படாத இடத்து மரத்துக்கும் மூங்கிலுக்கும் இதைவிடச் செலவு குறைந்த, ஆபத்து குறைந்த மருந்தை நான் கண்டதில்லை. வெண்காரம் என்ற போராக்ஸ் 3 கிலோ, போரிக் ஆசிட் 2 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் சேர்த்தால்தான் நன்றாகக் கரையும். வெந்நீரில் முதலில் கரைத்துப் பிறகு மீதித் தண்ணீர் சேர்த்தால் கை வலிக்காது.

மூங்கிலுக்கு: வெட்டிய ஓரிரு நாளில், நீளமான கம்பியை உள்ளே விட்டு எல்லாக் கணுத்தடுப்பையும் உடைத்துவிடுங்கள். இதை விட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். மூங்கிலின் வெளித்தோல் எதையும் உறிஞ்சாது, மருந்து உட்பக்கத்திலிருந்துதான் ஏறும். தரையில் வாய்க்கால் மாதிரி பள்ளம் வெட்டி, கிழிசல் இல்லாத தார்ப்பாய் விரித்துக் கரைசலை ஊற்றுங்கள். மூங்கிலை உள்ளே தள்ளி, குமிழ் நிற்கும்வரை உருட்டி, மேலே கல் வைத்து அமிழ்த்துங்கள். 7 முதல் 10 நாள். எடுத்து ஒரு வாரம் நிழலில் நெருக்கமாக அடுக்கி மூடி வையுங்கள், பிறகு பிரித்துக் காயவிடுங்கள்.

அறுத்த பச்சைப் பலகைக்கு வேறு வழி. அடர்த்தியான கரைசல் வேண்டும்: 100 லிட்டருக்கு இரண்டும் சேர்த்து 20 கிலோ, அதே 3-க்கு 2 கணக்கில், கை பொறுக்காத சூட்டில். அறுத்த ஓரிரு நாளுக்குள் பலகையை முக்கி எடுத்து, இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீனால் காற்றுப் புகாமல் சுற்றுங்கள். மரத்தின் ஈரத்தின் வழியே மருந்து மெல்ல உள்ளே பரவும். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். இடையில் திறந்து காயவிட்டால் பரவுவது நின்றுவிடும்.

காய்ந்த மரம் என்றால் சூடும் குளிரும் முறை. இரும்பு டிரம்மில், மூங்கிலுக்குச் சொன்ன அதே 5 சதவீதக் கரைசலில் மரத்தை நிறுத்தி, கொதிக்கும் முன்னான சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ்குமிழாக வெளியேறும். நெருப்பை அணைத்து அப்படியே இரவு முழுக்க ஆறவிடுங்கள். உள்ளே மிச்சமிருந்த காற்று சுருங்கி, வெளியிலிருக்கும் கரைசலை உறிஞ்சும். ஆறும் முன் வெளியே எடுத்தால் பயனில்லை. மருந்து ஏறுவதே ஆறும்போதுதான்.

மருந்து உள்ளே போயிற்றா என்று மஞ்சளே சொல்லும். ஒரு துண்டை நடுவில் அறுத்துக் காயவையுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மஞ்சள்தூளைக் கலக்கி வடிகட்டி அறுத்த முகத்தில் தடவி, நன்றாகக் காய்ந்ததும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு வையுங்கள். வெண்காரம் ஏறிய இடம் சிவக்கும், ஏறாத இடம் மஞ்சளாகவே இருக்கும். கையுறை போட்டு, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். நடுவில் மஞ்சள் வட்டம் பெரிதாகத் தெரிந்தால் இன்னும் சில நாள் ஊறவேண்டும்.

இந்த மருந்துக்கு ஒரே குறை, மழையில் கரைந்து போகும். மண்ணில் புதைக்கும் காலுக்கு இது ஆகாது. மீந்த கரைசலை அடுத்த தடவைக்கு மூடி வையுங்கள், செடிகளின் வேரில் ஊற்றாதீர்கள், பட்டுப்போகும். கால்நடை குடிக்கவும் விடாதீர்கள்.

காசே செலவில்லாமல் வேண்டுமென்றால் மூங்கிலை ஓடும் நீரிலோ குளத்திலோ இரண்டு மூன்று மாதம் அமிழ்த்துவது பழைய வழக்கம். மாவுச்சத்து கரைந்துபோகும், நாற்றம் அடிக்கும், உளுப்பு வண்டு வெகுவாகக் குறையும். கரையானை அது தடுக்காது.

படி 6: புதைக்கும் சவுக்குக் காலுக்கு மயில்துத்தம்

பச்சை மரம் சாறிழுக்கும் பழக்கத்தைப் பயன்படுத்தும் முறை இது. சவுக்கை வெட்டிய அன்றே பட்டை உரித்து, பிளாஸ்டிக் டிரம்மில் மூன்று கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடிப்பக்கம் மூழ்க நிறுத்துங்கள். இரும்பு டிரம் கூடாது. துத்தம் இரும்பைத் தின்றுவிடும். காற்றோடும் நிழலில் வையுங்கள். மேல்பக்கம் நீர் ஆவியாக ஆவியாகக் கீழிருந்து கரைசல் ஏறும். ஒரு வாரம் கழித்துத் தலைகீழாக மாற்றி மூன்று நாள். குறையும் அளவுக்குக் கரைசலைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். மேல்முனையில் அரை அங்குலம் வெட்டிப் பார்த்தால் வெளிறு நீலப்பச்சையாகத் தெரியவேண்டும். பிறகு இரண்டு வாரம் மூடி வைத்து, காயவிட்டு, ஊன்றுங்கள்.

துத்தம் மட்டும் இருந்தால் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதை மரத்துக்குள் நிலையாகப் பிடித்து வைக்க குரோமியமும், கரையானுக்கு ஆர்சனிக்கும் சேர்த்து 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் கண்டுபிடித்த கலவைதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டில் பிறந்த மருந்து என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் வீட்டில் கலக்காதீர்கள். ஆர்சனிக்கும் குரோமியமும் உயிரை வாங்கும். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். கால் அந்த அளவு நீடித்து நிற்க வேண்டுமென்றால் ஆலையில் அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய கழியை வாங்குங்கள், அதன் துண்டுகளை அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் விஷம் இருக்கும்.

துத்தக் கரைசலைக் குளத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மீன் சாகும். ஆடு மாடு நக்கும் உயரத்தில் துத்தம் ஏற்றிய கால் வேண்டாம். கொட்டகைக்குள் கல்மேல் நிற்கும் வெண்கார மரமே போதும், அதையும் தொட்டி, தீவனப் பலகைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

படி 7: மேல்பூச்சு

எங்கள் பக்கம் கைவசம் இருப்பது முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய். கதவு, கைமரம், ரீப்பர் எல்லாவற்றுக்கும் அடிப்பார்கள். கருஞ்சிவப்பாக ஊறி, மெல்ல இறுகித் தண்ணீரைத் தள்ளும், பூச்சிக்கும் பிடிக்காது. காய்ந்த மரத்தில் மட்டும், மெல்லிசாக இரண்டு கை, நடுவில் சில நாள் விட்டு. தோலில் பட்டால் கொப்புளிக்கும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் எண்ணெய் பூசி, அதன்மேல் கையுறை போடுங்கள். சூடாக்கவே வேண்டாம், புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

வேப்பெண்ணெய் கொஞ்ச காலம் பூச்சியை விலக்கும், மழைக்கு நிற்காது. காலின் அடியைத் தீயில் கரிக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மேலே மெல்லிய கரி, அதில் வெடிப்பு. கரையான் வெடிப்பு வழியே உள்ளே போய்விடுகிறது. மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலை மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். அதில் உலோகக் கசடும் புற்றுநோய் தரும் பொருள்களும் இருக்கின்றன, கிணற்று நீரில் இறங்கும், மாடு நக்கும். இத்தனைக்கும் அது மரத்தின் மேல்தோலைத் தாண்டுவதில்லை.

பூச்சு அடித்த பிறகு எங்கே அறுத்தாலும், துளையிட்டாலும், அந்த வெட்டுவாயில் மறுபடி மருந்து தொட்டு வையுங்கள். ஆசாரி கூரை ஏற்றும்போது ஒரு சின்ன டப்பாவும் தூரிகையும் அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் பார்த்த கைமரங்களில் பெரும்பாலானவை மூட்டு வெட்டிய இடத்தில்தான் முதலில் கெட்டன.

படி 8: வருஷத்தில் இரண்டு நடை

ஆடியில் ஒருமுறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறை. ஒரு ஸ்குரூடிரைவரும் சுத்தியலும் போதும். தரைமட்டத்தில் மரத்தைக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மரம் மெத்தென்று ஆகிவிட்டது என்று அர்த்தம். தட்டினால் மந்தமான ஒலி வந்தால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. காலைச் சுற்றிச் சேர்ந்த சருகு, சாணம், மண்ணை வாரி விலக்குங்கள். நாம் கல்மேல் தூக்கி வைத்த காலை இந்தக் குப்பைதான் திரும்ப மண்ணோடு சேர்த்துவிடும். மண்குழாய் இருந்தால் தட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கூடு பக்கத்திலேயே இருக்கிறது.

மூங்கில் தட்டியில் மாவு கொட்டினால் சித்திரை வெயில்வரை காத்திருங்கள். கழற்றி, கண்ணாடி மாதிரியான பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி, உச்சி வெயிலில் பாறைமேலோ மொட்டை மாடியிலோ சில நாள் போடுங்கள். மரத்தின் நடுவில் 56 டிகிரி சூடு அரைமணி நேரம் நின்றால் உள்ளிருக்கும் புழு செத்துவிடும். கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்கும் இதே கணக்குதான். மெல்லிய தட்டிக்கும் ரீப்பருக்கும் இது எட்டும், தடித்த உத்தரத்துக்கு எட்டாது.

ஆட்டுக்கொட்டகையை மறுபடி கட்டியபோது பழைய கால்களின் மேல்பகுதியை வீணாக்கவில்லை. கெட்ட ஒரு சாணை வெட்டி எறிந்தோம். மிச்சத்தை வெண்காரத்தில் சூடும் குளிரும் கொடுத்து, கருங்கல் துண்டுகளின்மேல் நிறுத்தினோம். கொட்டகை ஒன்றரை அடி உயரம் குறைந்தது. உள்ளே போகும்போது குனிந்துதான் போகிறோம்.